வேனுக்குள் வெயில் நுழையும் வழிகள்

பகல் ஒரு மணிக்குத் திடலில் நிற்கும் வேனின் கூரையில் கை வைக்க முடியாது. அதே கூரை விடியற்காலை நான்கு மணிக்கு, மழையே பெய்யாமல், நனைந்து கிடக்கும். தொட்டுப் பார்த்தால் சுற்றியிருக்கும் காற்றைவிடக் கூரை சில்லென்று இருப்பதும் தெரியும். பகலில் அது காற்றைவிடச் சூடாவதற்கு வெயில் காரணம், சரி. இரவில் காற்றைவிடக் குளிர்ந்து போவது எப்படி? அதை யாரும் குளிர்விக்கவில்லையே! ஜொகூரின் தோட்டப்புற லயங்களில் தகரக் கூரைக்கு அடியில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டும் பழகிய சங்கதி. மத்தியானம் உச்சந்தலையில் அனல் இறங்கும். விடியலில் தகரத்தின் அடிப்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும்.

சரக்கு வேன் ஒன்றை வாங்கி, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, மெர்சிங் பக்கமோ தஞ்சோங் பாலாவ் கடற்கரைக்கோ குடும்பத்தோடு போய்த் தங்க இப்போது பலருக்கும் ஆசை. வண்டியின் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வாங்க வேண்டும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே சொல்ல வருவது வேனின் சுவருக்கும் கூரைக்கும் போடும் வெப்பக்காப்பைப் பற்றி. இதற்கு நம்மவர்கள் பார்த்துப் படிக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை கனடாவிலும் ஜெர்மனியிலும் எடுக்கப்பட்டவை. அங்கே பகை குளிர். இங்கே பகை வெயிலும் ஈரமும். அந்த ஊர் முறையை இங்கே அப்படியே செய்தால் பணம் போவதோடு நிற்காது, வண்டியின் இரும்பும் போகும்.

முதலில் மத்தியானத்தை எடுத்துக்கொள்வோம். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கிறது. மார்ச் மாதக் கடைசி வாரத்திலும் செப்டம்பர் மூன்றாம் வாரத்திலும் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் வரும். மற்ற மாதங்களிலும் அதிகம் சாய்வதில்லை. உச்சிவேளை இங்கே 12 மணிக்கு வருவதில்லை, ஒரு மணியை ஒட்டியே வருகிறது. நம் கடிகாரம் நமக்கு வெகு கிழக்கே உள்ள தீர்க்கக்கோட்டைப் பின்பற்றுவதால் இந்த வித்தியாசம். மேகமில்லாத அந்த வேளையில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெயிலின் திறன் சுமார் 1000 வாட். ஹயேஸ் போன்ற ஒரு வேனின் கூரை ஏழு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 7000 வாட். ஒரு எச்பி ஏர்கோன் ஓர் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் ஏறக்குறைய 2600 வாட். ஆக, இரண்டு ஏர்கோன்கள் சேர்ந்தாலும் இழுத்து வெளியே தள்ள முடியாத, மூன்றாவதும் தேவைப்படும் அளவு வெப்பம் அந்தத் தகட்டின் மேல் விழுகிறது.

விழுவதெல்லாம் உள்ளே வருவதில்லை. வெள்ளைச் சாயம் அதில் கால்பங்கை ஒட்டித்தான் உறிஞ்சும். கறுப்புச் சாயம் பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டும். அதனால்தான் வெள்ளை வேனின் கூரை 45, 50 டிகிரியில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் கறுப்பு வண்டியின் கூரை 70 டிகிரியைக் கடக்கிறது. வேன் வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதும் வெப்பக்காப்பு வேலையில் சேர்த்தியே. உறிஞ்சியதிலும் ஒரு பகுதியை மேலே வீசும் காற்று கொண்டுபோய்விடும். மீதி மட்டும் உள்ளே இறங்குகிறது.

எந்த வழியாக இறங்குகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெப்பத்துக்கு மூன்று வழிகள் உண்டு. ஒரு பொருளுக்குள் துகளிலிருந்து துகளுக்குக் கைமாறிப் போவது கடத்தல். காற்றோ நீரோ சூடேறி இடம்பெயரும்போது வெப்பத்தையும் கூட்டிக்கொண்டு போவது சலனம். நடுவில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒளியைப் போலப் பாய்ந்து போவது கதிர்வீச்சு. சூடான காற்று மேலே போகும், கீழே இறங்காது. கூரைக்கு அடியில் சூடேறிய காற்று அங்கேயே கூரையோடு ஒட்டி நிற்கும். ஆகவே கூரையிலிருந்து கீழே படுத்திருப்பவர் மேல் இறங்கும் வெப்பத்தில் சலனத்துக்குப் பங்கு மிகக் குறைவு. பெரும்பங்கு கதிர்வீச்சு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். தகரக் கூரைக்குக் கீழே நின்றால் உச்சந்தலை மட்டும் தனியாகச் சுடுவது இதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிர் இருக்கிறது என்பதை வில்லியம் ஹெர்ஷெல் 1800-ல் காட்டினார். முப்பட்டகம் வெயிலைப் பிரித்துக் காட்டிய வண்ணப் பட்டையில், சிவப்பு முடிந்த இடத்துக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் பாதரசம் ஏறியது. நமக்கு அதைவிட முக்கியமான சோதனையை ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லெஸ்லி செய்து 1804-ல் நூலாக வெளியிட்டார். கனசதுர வடிவில் ஒரு தகரப் பாத்திரம் செய்தார். அதன் ஒரு பக்கத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, இன்னொரு பக்கத்தில் விளக்குக் கரி பூசினார். வேறொரு பக்கத்தில் காகிதம் ஒட்டினார். உள்ளே வெந்நீர் ஊற்றினார். நான்கு பக்கங்களுக்கும் உள்ளே இருப்பது ஒரே நீர், ஒரே சூடு. ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு குழியாடிக்கு நேராகத் திருப்பி, ஆடியின் குவியத்தில் வைத்த நுட்பமான வெப்பமானியைப் பார்த்தபோது, பளபளக்கும் பக்கத்திலிருந்து வந்த வெப்பம் கரி பூசிய பக்கத்திலிருந்து வந்ததில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் இருந்தது. காகிதம் கரியோடு போட்டி போட்டது.

பளபளப்பான உலோகம் கதிரைத் திருப்பி அனுப்பும் என்பது எல்லாருக்கும் தெரியும். லெஸ்லி காட்டியது அதன் மறுபக்கம்: அது சூடாக இருந்தாலும் கதிரை வெளியே விடாது. வேன் வேலைக்கு இந்த இரண்டாவது குணமே கைகொடுக்கிறது. நம் ஹார்ட்வேர் கடைகளில் சுருளாகக் கிடைக்கும், நுரையின் மேல் அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்பை எடுத்து, நுரைப் பக்கத்தைக் கூரைத் தகட்டில் ஒட்டுங்கள். மின்னும் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். வெயிலுக்கு முதுகு காட்டினால் எப்படித் தடுக்கும் என்று பட்டறையில் கேட்பார்கள். தாள் சூடாகத்தான் செய்யும். ஆனால் அந்தச் சூட்டைக் கீழே கதிராக வீச அதனால் முடியாது. மங்கலான ஒரு பரப்பு வீசுவதில் இருபதில் ஒரு பங்கு அளவே வீசும். கீழ்நோக்கிய பக்கத்தில் தூசி படியாது என்பதால் இந்தக் குணம் ஆண்டுக்கணக்கில் கெடாமலும் இருக்கும்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை: தாளுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டராவது காற்று இடைவெளி வேண்டும். பிளைவுட் பலகையைத் தாளோடு ஒட்டி அழுத்திவிட்டால் கதிர்வீச்சுக்கு வேலையே இல்லை, வெப்பம் கடத்தலாகப் போய்விடும். அலுமினியமோ கடத்துவதில் கெட்டிக்காரப் பொருள். இரண்டு பொருள்களுக்கு நடுவே நசுங்கிய அலுமினியத் தாள் அங்கே இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. பல வேன்களில் காசு வீணாவது இந்த இடத்தில்தான். கார்க் கடைகளில் விற்கும் தார் போன்ற கறுப்பு விரிப்பும் இதே கதை. அதன் முதுகிலும் அலுமினியம் மின்னும், ஆனால் அது தகட்டின் அதிர்வை அடக்கச் செய்தது. சத்தத்தைக் குறைக்கும், வெயிலைத் தடுக்காது.

செய்த வேலை பலிக்கிறதா என்று பார்க்க, கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட அகச்சிவப்பு வெப்பமானியைப் போல, பட்டறைகளில் பயன்படுத்தும் வெப்பமானி ஒன்று போதும். ஆனால் மின்னும் தாளை நோக்கி அதை நீட்டினால் பொய் சொல்லும். தாள் தன் கதிரை வெளியே விடாததால், கருவிக்குத் தெரிவது தாளில் பிரதிபலிக்கும் எதிர்ப்பக்கத்துத் தரையின் சூடு, சில சமயம் உங்கள் முகத்தின் சூடு. தாளின் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, சிறிது பொறுத்து, அந்த டேப்பைக் குறிவைத்தால் உண்மையான எண் வரும். டேப்பிலும் பக்கத்துத் தாளிலும் மாறி மாறிக் காட்டும் இரு எண்களுக்கு இடையே உள்ள தூரம், லெஸ்லியின் சோதனையை நம் கையிலேயே நடத்திக் காட்டுகிறது.

இனி நுரைக்கு வருவோம். நுரை, ராக்வூல், கம்பளி எல்லாமே செய்வது ஒரே வேலை: காற்றை நகரவிடாமல் சிறைப்பிடிப்பது. அசையாத காற்றுக்கு வெப்பத்தைக் கடத்தும் திறன் மிகக் குறைவு. இரும்பு அதைப்போல ஈராயிரம் மடங்கு கடத்தும். நுரையின் உடம்பில் பெரும்பகுதி காற்றுதான். ஆனால் காப்பு குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதும் இல்லை. தாமதப்படுத்துகிறது, அவ்வளவே.

இந்தத் தாமதத்தின் பலத்தை வணிகமாகவே நடத்திக் காட்டியவர் பாஸ்டன் நகரத்து ஃபிரெடெரிக் டியூடர். 1833 மே மாதம் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் பனிக்கட்டி ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பனிக்கட்டியைச் சுற்றி மரப்பட்டைத் தூளும் வைக்கோலும் அடைத்திருந்தார்கள். நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் கழித்துக் கப்பல் சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் கரையாமல் இருந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842-ல் டியூடரின் பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பட்டது. நமக்கு இன்னும் பக்கத்தில், சிங்கப்பூரில், வாம்போவா என்று அழைக்கப்பட்ட வணிகர் ஹூ ஆ கே 1854-ல் ஐஸ் ஹவுஸ் ஒன்றை நடத்தினார். மின்சாரமே இல்லாத காலத்தில் இத்தனையும் நடந்தது. நான்கு மாதத்தில் 80 டன் கரைந்ததையும் மறந்துவிடக் கூடாது. உள்ளே குளிர்ச்சியின் இருப்பு இருந்ததால்தான் தாமதத்துக்கு மதிப்பு கிடைத்தது.

வேனுக்குள் பனிக்கட்டி இருப்பதில்லை, மனிதர்கள் இருக்கிறார்கள். தூங்கும் ஓர் ஆள் ஏறக்குறைய 75 வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருப்பார். இருவர் படுத்தால் 150 வாட். குளிர்நாட்டில் இது வரம். கனத்த காப்புப் போட்டு அதைச் சேமித்துவைக்கிறார்கள். ஜொகூரில் இரவுக் காற்று 24, 25 டிகிரிக்கு இறங்கிய பிறகும், கனத்த காப்புப் போட்டு இறுக்க மூடிய வேன் பகல் சூட்டையும் உடல் சூட்டையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். பகலில் உதவிய அதே காப்பு இரவில் எதிரியாகிறது. இதற்கு மருந்து கூரை விசிறி. மணிக்கு 1000 கன மீட்டர் காற்றை வெளியேற்றும் விசிறி இருந்தால் எட்டு கன மீட்டர் உள்ளிடம் கொண்ட வேனின் காற்று நிமிடத்துக்கு இரண்டு தடவை முழுதாக மாறும். அந்த ஓட்டத்தில் இரண்டு பேரின் உடல் சூடு உள்ளே அரை டிகிரியைக்கூட ஏற்றாது. காற்று நுழையும் வழி தாழ்வாகவும் நிழல் பக்கமாகவும் இருக்க வேண்டும். ஜொகூரில் கேம்பர் வேன் கட்டுகிறவர் நுரைக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து நல்ல விசிறிக்குப் போடுவது புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான எண்ணம்.

விசிறிக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது ஈரத்தைப் பற்றியது. நம் இரவுக் காற்று ஏற்கெனவே நீராவியால் கனத்தது. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 23 கிராம். நம் ஊரில் இருபது கிராம் முன்பே நிரம்பியிருக்கும். தோலும் மூச்சும் சேர்ந்து ஓர் ஆள் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீரை விடுகிறார். மூடிய வேனில் இருவர் படுத்தால் காற்று தாங்கக்கூடிய எல்லையை அரை மணி நேரத்துக்குள் தொட்டுவிடும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு கிராமும் எங்காவது நீராகப் படிந்தாக வேண்டும். காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் நீர் படியத் தொடங்குகிறதோ அதற்குப் பனிநிலை என்று பெயர். ஜொகூர் இரவில் பனிநிலை காற்றின் வெப்பநிலைக்கு ஓரிரு டிகிரிதான் கீழே இருக்கும். அந்த ஓரிரு டிகிரி குளிர்ந்த எந்தப் பரப்பும் நனையும்.

கூரை அப்படிக் குளிர்வது எப்படி என்பதை லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் கண்டுபிடித்து 1814-ல் பனித்துளியைப் பற்றிய தம் நூலில் எழுதினார். பனி வானத்திலிருந்து விழுகிறது என்று சிலர், நிலத்திலிருந்து எழுகிறது என்று சிலர் நம்பிய காலம் அது. அவர் ஒரு பலகையைக் கால்கள் மேல் நிறுத்தி, எடை பார்த்த கம்பளிப் பஞ்சை அதன் மேலே ஒன்றும் அடியில் ஒன்றும் வைத்து, இரவு முழுக்க விட்டு, மறுபடி எடை போட்டார். வானத்தைப் பார்த்த பஞ்சு பல மடங்கு அதிகமாக நனைந்திருந்தது. இரண்டையும் சூழ்ந்திருந்தது ஒரே காற்று. வேறுபாடு ஒன்றே ஒன்று: மேலிருந்த பஞ்சுக்கு வானம் தெரிந்தது. திறந்த வானத்தை நோக்கிய பரப்பு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே வீசுகிறது, திரும்பி வருவது குறைவு. அதனால் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. மேகம் மூடிய இரவில் மேகமே கதிரைத் திருப்பி அனுப்பும், கூரை காய்ந்திருக்கும். மரத்தடியில் நிறுத்திய வண்டி காய்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான். பாலைவனத்தோடு ஒப்பிட்டால் நம் ஈரக் காற்று இந்தக் கதிரைப் பெரிதும் மறித்துவிடும், கூரை அதிகம் குளிராது. ஆனால் இங்கே அதிகம் குளிரத் தேவையில்லையே, ஓரிரு டிகிரி போதும்.

காப்புப் போட்ட பிறகு நிலைமை நுட்பமாக மாறுகிறது. உள்ளிருந்து சூடு கிடைக்காததால் தகடு முன்னைவிடக் குளிரும். ராக்வூலோ கம்பளியோ அடைத்திருந்தால் நீராவி அதன் வழியே எளிதாகப் புகுந்து தகட்டைத் தொடும், அங்கே நீராகும். கண்ணில் படாது. நனைந்த காப்பில் காற்று இருந்த இடத்தில் நீர் வந்துவிடும்; நீர் காற்றைப்போல 25 மடங்கு வெப்பம் கடத்தும். பின்னால் துரு ஓடும். பழைய சரக்கு வேனின் உட்பலகையைக் கழற்றினால், அடைத்த பஞ்சு தகட்டோடு ஒட்டிக்கிடந்த இடமெல்லாம் பழுப்புக் கறையாக இருப்பதைக் காணலாம். ஆகவே இங்கே ஏற்றது, கண்ணறைகள் ஒன்றோடொன்று திறக்காத மூடிய நுரை. அதைத் தகட்டோடு இடைவெளியே இல்லாமல் முழுப் பரப்பும் பசை போட்டு ஒட்ட வேண்டும். காற்று போக முடியாத இடத்தில் நீராவியும் எளிதில் போக முடியாது. தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டங்களின் உள்ளறைகளில் எதையும் திணிக்காமல் துருத்தடுப்பு மெழுகு அடித்து, நீர் வடியும் துளைகளைத் திறந்தே விடுங்கள். நுரை தீப்பற்றினால் நச்சுப் புகை கக்கும். அடுப்பு வைக்கும் பக்கம் அது வெளியே தெரியவே கூடாது.

குளிர்நாட்டுக் காணொளிகளில் பலகைக்குப் பின்னால், அதாவது உள்பக்கம், நெகிழித் தாள் விரிக்கச் சொல்வார்கள். அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகும். அதை மறிக்க அந்தத் தாள். முகாம் திடலில் மின் இணைப்பு எடுத்து ஏர்கோன் போட்டுத் தூங்கும் ஜொகூர் வேனில் திசை தலைகீழ். மழைநாளில் ஏர்கோன் ஓடும் காரின் முன்கண்ணாடி வெளிப்பக்கம் பனிபடர்ந்து, துடைப்பானைப் போட்டதும் தெளிவதை ஓட்டுநர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஈரம் வெளியே இருக்கிறது, குளிர் உள்ளே. அந்த நெகிழித் தாளின் பின்பக்கமும் இப்படித்தான் நனையும், துடைக்கத்தான் வழியில்லை. ஃப்ளோரிடா போன்ற ஈரமும் வெப்பமும் நிறைந்த இடங்களில், ஏர்கோன் ஓடும் ஹோட்டல் அறைகளின் வினைல் சுவர்த்தாளுக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்து, சுவரையே பெயர்க்க நேர்ந்ததற்குக் காரணமும் இதே தலைகீழ்த் திசைதான். வேனில் வெளி ஈரத்தை மறிக்க இரும்புத் தகடே இருக்கிறது. இன்னொரு தாள் வேண்டாம்.

வேன் கட்டும் பலர் இந்த இரும்புச் சட்டங்களை மறந்துவிடுகிறார்கள். சட்டத்துக்குச் சட்டம் இடையே நுரை ஒட்டிவிட்டு, சட்டத்தின் மேல் நேராகப் பலகையை முடுக்கினால், இரும்பு வழியே வெப்பம் பாலம் போட்டு நடந்து வரும். சட்டத்தின் முகத்திலும் மெல்லிய நுரைப் பட்டை ஒட்டிய பிறகே பலகை. கண்ணாடி இன்னும் மோசம்: வெயிலின் ஒளியை உள்ளே விட்டு, உள்ளே சூடான பொருள்கள் வீசும் அகச்சிவப்பை வெளியே விடாது. வெயில் மறைப்பைக் கண்ணாடிக்கு உள்ளே வைப்பதைவிட வெளியே போடுவது மேல். உள்ளே வைத்தால், வெப்பம் வந்து சேர்ந்த பிறகு அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

வெளியே தடுப்பது என்ற இந்த யோசனையைக் கூரைக்கும் நீட்டலாம். வெப்பநாடுகளுக்குப் போன பழைய லேண்ட் ரோவர்களில் கூரைக்கு மேல் இன்னொரு கூரைத் தகடு இருக்கும், நடுவே காற்று ஓட இடைவெளி விட்டு. மேல்தகடு வெயிலை வாங்கிக்கொள்ளும். ஓடும் காற்று அதன் சூட்டைக் கொண்டுபோகும். கீழ்க்கூரை நிழலில் இருக்கும். இன்று கேம்பர் வேன் கட்டுகிறவர்கள் மின்சாரத்துக்காக எப்படியும் சூரியத் தகடு வாங்குகிறார்கள். அதைக் கூரையோடு ஒட்டிவிடாமல் நான்கைந்து சென்டிமீட்டர் உயர்த்தி, முன்னும் பின்னும் திறந்து விட்டுப் பொருத்தினால் அதுவே இரண்டாவது கூரை. சூரியத் தகடும் சூடேறினால் மின்சாரம் குறைவாகத் தரும் என்பதால் அடியில் ஓடும் காற்று அதற்கும் நல்லது. இரவில் வானத்தைப் பார்த்துக் குளிர்வதும் அந்த மேல்தகடாகவே இருக்கும். வெல்ஸின் பலகைக்கு அடியில் இருந்த பஞ்சைப் போல, கீழே உள்ள கூரை குறைவாகவே நனையும். விசிறிக்கு வேண்டிய இடத்தை மட்டும் முதலிலேயே அளந்து விட்டுவிடுங்கள். தகடுகளைப் பொருத்திய பிறகு கூரையில் ஓட்டை போட இடம் கிடைக்காது.